உங்களுக்குத் தெரியுமா? தொடைக்குள் இன்னொரு சிரை

★

தொடைக்குள் ஓடும் பெரிய சிரை ஒன்றா, இரண்டா?

உடற்கூறியல் படத்தில் ஒன்றுதான். ரத்தத்தைக் கீழே கொண்டுவரும் தமனி ஒன்று, அதை ஒட்டியபடியே ரத்தத்தை இதயத்துக்குத் திரும்ப ஏற்றும் சிரை ஒன்று. நிஜக் கால்கள் அத்தனை ஒழுங்காக இல்லை. 2003-இல் 'ரேடியாலஜி' இதழில் வெளியான ஓர் ஆய்வில், 404 பேரின் 808 கால்களைச் சாயமேற்றி எடுத்த எக்ஸ்ரே படங்களை அலசினார்கள். 31 சதவீதக் கால்களில் தொடைச்சிரை இரட்டையாக இருந்தது. முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிரைகள் தெரிந்த கால்கள் 42 சதவீதம். கணக்கு ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஆனாலும் அபூர்வம் என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

ஒரே ஆளின் இரண்டு கால்களும்கூட ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. கருவில் ரத்தக்குழாய்கள் முதலில் வலைப்பின்னலாகத்தான் உருவாகின்றன. பிறகு சில தங்குகின்றன, சில மறைகின்றன. மறைய வேண்டியது மறையாமல் தங்கினால் இரட்டைச் சிரை. இது நோய் அல்ல. பெரும்பாலானவர்கள் தமக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார்கள். அந்தக் காலில் ரத்தம் உறைந்து, டாப்ளர் ஸ்கேனுக்குப் போய்ப் படுக்கும் நாளில்தான் இந்த இரண்டாவது சிரை உயிர்ப் பிரச்சினை ஆகிறது.

★

காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைவதைத்தான் டாக்டர்கள் டி.வி.டி. என்கிறார்கள். தோலுக்கு அடியில் பச்சையாக முறுக்கிக்கொண்டு தெரியும் வெரிகோஸ் சிரைகள் வேறு. இது தசைகளுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நடப்பது. ஒரு கால் மட்டும் வீங்கும், கெண்டைக்காலில் வலிக்கும், தொட்டால் சுடும். சிலருக்கு எதுவுமே தெரியாது.

பயப்பட வேண்டியது காலுக்காக மட்டும் அல்ல. உறைந்த கட்டியிலிருந்து ஒரு துண்டு கழன்றால் அது தொடைச்சிரை வழியே வயிற்றிலுள்ள பெருஞ்சிரைக்கு ஏறி, இதயத்தின் வலப்பக்க அறைகளைக் கடந்து, நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொள்ளும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சில சமயம் இருமலில் ரத்தம். பெரிய துண்டாக இருந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். காலில் உறைவதும் நுரையீரலில் அடைப்பதும் ஒரே சங்கிலி என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் தேதிதான் இன்று உலக ரத்த உறைவு தினம்.

★

இந்த உறைவை ஸ்கேனில் கண்டுபிடிக்கும் வழி எவ்வளவு எளிமையானது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உடல்மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவியின் முனையை, அதாவது ப்ரோபை, வைத்து அழுத்துவார்கள். அவ்வளவுதான்.

நோயாளியைப் படுக்கவைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துவார்கள், கால் சிரைகளில் ரத்தம் நிறையட்டும் என்று. முழங்காலை லேசாக மடக்கி, தொடையை வெளிப்பக்கமாகச் சாய்க்கச் சொல்வார்கள். தொடை இடுக்கில் ஜெல் தடவி ப்ரோபைக் குறுக்காக வைத்தால், திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். ஒன்று தமனி, ஒன்று சிரை. இப்போது ப்ரோபை நேர் கீழாக அழுத்த வேண்டும். தமனியின் சுவர் தடிமன், உள்ளே அழுத்தமும் அதிகம். அது வட்டமாகவே நிற்கும். சிரையோ மெல்லிய சுவர். இரண்டு சுவர்களும் ஒட்டிக்கொண்டு வட்டமே காணாமல் போகும். கையை எடுத்தால் திரும்ப விரியும். உள்ளே கட்டி இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் அந்த வட்டம் முழுதாக மூடாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிதாக உறைந்த கட்டி திரையில் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். ஓடும் ரத்தமும் கறுப்புதான். கண்ணால் பார்த்து மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

★

அப்படியானால் இரட்டைச் சிரை உள்ளவருக்கு என்ன ஆகும்?

ஸ்கேன் எடுப்பவர் தமனியைக் கண்டுபிடிக்கிறார். பக்கத்தில் ஒரு சிரை தெரிகிறது. அழுத்துகிறார், அழகாக மூடுகிறது. அடுத்த இடம், மறுபடி மூடுகிறது. முழங்கால்வரை போய், 'உறைவு இல்லை' என்று எழுதுகிறார். தமனியின் அந்தப் பக்கத்தில், தசையின் நிழலில், கட்டி நிறைந்த இன்னொரு சிரை கிடக்கிறது. அதன்மேல் ப்ரோப் படவே இல்லை. பார்த்த சிரை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. பார்க்காத சிரையில்தான் நோய்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஊருக்குள் போகும் ரோடு அடைபட்டாலும் பைபாஸ் திறந்திருந்தால் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதுபோல இரண்டில் ஒரு சிரை திறந்திருந்தால் ரத்தம் அதன் வழியே மேலே போய்விடும்; கால் பெரிதாக வீங்காமல்கூட இருக்கலாம். டாப்ளரில் ரத்த ஓட்டத்தைப் பார்த்தாலும் ஏறக்குறைய இயல்பாகவே தெரியும். வீக்கம் குறைவு, ஓட்டம் சரி, அழுத்தினால் மூடுகிறது என்று மூன்றும் சேர்ந்து தைரியம் சொல்லும். அதனால்தான் இந்தச் சங்கதி எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. 'நார்மல்' என்ற ஒரு சொல்லை நம்பி வீட்டுக்குப் போகிற நோயாளிக்கு அந்தச் சொல் எந்தச் சிரையைப் பற்றியது என்று தெரிவதில்லை.

★

தேர்ந்த ஸ்கேன் டாக்டர்கள் இந்த இரண்டாவது சிரையை எப்படிப் பிடிக்கிறார்கள்?

முதல் துப்பு அளவு. தொடைச்சிரை பொதுவாகப் பக்கத்திலுள்ள தமனியைவிடப் பருமனாக இருக்கும். தமனியைவிடச் சிறிய சிரை ஒன்று தெரிந்தால், 'மீதி ரத்தம் எந்த வழியாகப் போகிறது?' என்று கேட்டுத் தேடத் தொடங்குவார்கள். அடுத்தது, தமனியை நடுவில் வைத்துக்கொண்டு அதன் எல்லாப் பக்கமும் பார்ப்பது; ஒரு சிரை கிடைத்ததும் நிறுத்திவிடாமல் இருப்பது. மூன்றாவது, முழங்கால் குழியில் இரண்டு சிரைகள் தெரிந்தால் இரண்டையும் தனித்தனியாக மேல்நோக்கித் தொடர்ந்து போய், எங்கே ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்ப்பது.

ப்ரோபை நீளவாக்கில் வைத்து அழுத்துவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அழுத்தும்போது சிரை பக்கவாட்டில் நழுவிவிடும். திரையில் அது மறைந்ததைப் பார்த்து 'மூடிவிட்டது' என்று தோன்றும். ஆகவே குறுக்குவாக்கில்தான் அழுத்த வேண்டும். விடாமல், இரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை. இதற்குப் பொறுமை வேண்டும். வெளியே பெஞ்சில் இருபது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது அந்தப் பொறுமையைக் காப்பாற்றுவது சாதாரணக் காரியம் இல்லை.

★

தொடையின் கீழ்ப்பாதியில், உள்பக்கத் தசைகளுக்கு நடுவே ஒரு சுரங்கம்போன்ற பாதை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு அறுவைச் சிகிச்சை மேதை ஜான் ஹண்டரின் பெயரால் அதை ஹண்டர் கால்வாய் என்பார்கள். தொடைச்சிரை அதற்குள் புகுந்துதான் முழங்கால் குழிக்கும் தொடைக்கும் இடையே போகிறது. மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அங்கே அழுத்தம் போய்ச் சேராது. நல்ல சிரைகூட மூடாமல் நின்று பயமுறுத்தும். அனுபவம் உள்ளவர்கள் ப்ரோபை மேலே வைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, சதையை ப்ரோபை நோக்கித் தூக்கி அழுத்துவார்கள். உடனே சிரை மூடிக்கொள்ளும். இரட்டைச் சிரைகளில் ஒன்று ஒளிந்துகொள்ளத் தோதான இடமும் இதுதான்.

★

அவசர சிகிச்சைப் பிரிவில் 'இரண்டு இடச் சோதனை' என்று ஒன்று செய்வார்கள். தொடை இடுக்கில் ஒன்று, முழங்கால் குழியில் ஒன்று. இரண்டு இடத்தில் மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு முடிவு சொல்வது. ராத்திரி இரண்டு மணிக்கு வந்தவருக்குச் சில நிமிடங்களில் விடை தரும் அருமையான வழி. அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் தொடைச்சிரை இரட்டையாகப் பிரிவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவேதான். கீழே ஒன்றாக இருந்தது தொடையில் இரண்டாகி, தொடை இடுக்குக்கு வருமுன் மறுபடி ஒன்றாகிவிடும். இரண்டு இடச் சோதனை அந்த நீளத்தைத் தொடுவதே இல்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், அவசரப் பிரிவில் டி.வி.டி. உறுதியானவர்களில் சுமார் 6 சதவீதத்தினருக்கு இந்த இரண்டு இடங்களையும் விட்டு வேறு இடத்தில் மட்டுமே உறைவு இருந்தது. அமெரிக்காவின் அல்ட்ராசவுண்ட் ரேடியாலஜி நிபுணர்கள் கூடி 2018-இல் வெளியிட்ட பரிந்துரை, தொடை இடுக்கிலிருந்து கணுக்கால்வரை முழுக் காலையும் பார்க்கச் சொல்கிறது. இரண்டு இடச் சோதனை செய்தால், ஒரு வாரத்துக்குள் இன்னொரு ஸ்கேனும் சேர்ந்தால்தான் அது முழுமை.

★

ஒரு பெயரால் உயிர் போகுமா?

போகக்கூடும் என்று 1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எச்சரித்தார்கள். தொடையின் ஆழ்சிரைக்கு அப்போது 'மேலோட்டமான தொடைச்சிரை' என்றுதான் பெயர். உண்மையில் அது ஆழ்சிரை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'மேலோட்டமான தொடைச்சிரையில் உறைவு' என்று இருந்தால் என்ன செய்வீர்கள் என்று பொது மருத்துவர்களிடம் கேட்டபோது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்குவேன் என்றவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலோட்டமானதுதானே என்று மற்றவர்கள் நினைத்துவிட்டார்கள். 2001-இல் ரோமில் கூடிய சர்வதேசக் குழு அந்தப் பழைய பெயரைக் கைவிட்டு, வெறும் 'தொடைச்சிரை' போதும் என்று முடிவு செய்தது. இன்றும் பழைய பெயரோடு ரிப்போர்ட் வருவதுண்டு. கையில் கிடைத்தால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: இது ஆழ்சிரைதானே?

★

மிக்கி மவுஸ் முகம் ஸ்கேன் திரையில் தெரியும். தொடை இடுக்கில் குறுக்காகப் பார்க்கும்போது, பெரிய வட்டமாகத் தொடையின் பொதுச்சிரை, வெளிப்பக்கக் காதாகத் தமனி, உள்பக்கக் காதாக அதில் வந்து சேரும் தோலடிப் பெருஞ்சிரை. மாணவர்களுக்கு அங்கிருந்துதான் தேடலைத் தொடங்கச் சொல்லித்தருகிறார்கள்.

★

இடது காலிலேயே ஏன் அதிகம் உறைகிறது?

வயிற்றின் அடியில், ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புக்கு முன்னால், வலது காலுக்குப் போகும் தமனி இடது காலிலிருந்து வரும் சிரையின் மேலே குறுக்காகக் கடக்கிறது. முன்னால் துடிக்கும் தமனி, பின்னால் எலும்பு, நடுவில் சிக்கியது மெல்லிய சிரை. எல்லோருக்கும் அமைப்பு இதுதான். சிலருக்கு நசுக்கம் அதிகம். 1957-இல் மே, தர்னர் என்ற இருவர் 430 சடலங்களைச் சோதித்து, 22 சதவீதத்தினருக்கு அந்த இடத்தில் சிரையின் உட்சுவர் தடித்து முள்போலத் திரண்டிருப்பதைக் கண்டார்கள். அவர்கள் பெயராலேயே இந்தக் கோளாறு இன்று அறியப்படுகிறது.

கர்ப்பிணிகளுக்கு வரும் டி.வி.டி.யில் பத்தில் எட்டுக்கு மேல் இடது காலில்தான். வளரும் கருப்பையும் சேர்ந்து அழுத்துவது ஒரு காரணம். இங்கேயும் ஸ்கேனுக்கு ஒரு சோதனை உண்டு: உறைவு இடுப்புக்குள் மட்டும் இருந்தால், காலில் எத்தனை இடத்தில் அழுத்தினாலும் எல்லாம் மூடும். ஐந்து மாதக் கர்ப்பிணி, இடது தொடை முழுதும் வீக்கம், முதுகிலும் வலி, ஸ்கேனில் 'காலில் உறைவு இல்லை' என்றால், விஷயம் முடிந்துவிடவில்லை. இடுப்புக்குள் பார்த்தாக வேண்டும். சாயம் ஏற்றாமலே எடுக்கக்கூடிய எம்.ஆர்.ஐ. அதற்கு உதவும்.

★

ப்ரோபால் அழுத்த முடியாத இடுப்புச் சிரைகளில் அடைப்பு இருப்பதைத் தொடையிலிருந்தே ஊகிக்கலாம். நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடும், கால் சிரையில் ஓட்டம் மெதுவாகும். வெளியே விடும்போது வேகமெடுக்கும். டாப்ளர் திரையில் இது அலை அலையாக ஏறி இறங்கும். மேலே எங்கோ அடைப்பு இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும்.

ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலும் இரண்டு தொடைகளிலும் இந்த அலையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது மேலே சொன்ன 2018 பரிந்துரையின் ஒரு பகுதி. வலதில் அலை, இடதில் தட்டை என்றால் இடது இடுப்பில் ஏதோ இருக்கிறது. ஸ்கேன் எடுப்பவர் நன்றாக இருக்கும் காலிலும் ஜெல் தடவினால் அது வீண் வேலை அல்ல. இந்த முறைக்கு அடிப்படையான விளைவை 1842-இல் சொன்ன கிறிஸ்டியன் டாப்ளர் அப்போது யோசித்துக்கொண்டிருந்தது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி.

★

உடலின் மிகப்பெரிய சிரையே இல்லாமல் சிலர் பிறக்கிறார்கள். கீழ்ப் பெருஞ்சிரை, கருவின் ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் மூன்று ஜோடிச் சிரைகள் தோன்றி, இணைந்து, பாதி மறைந்து உருவாகும் ஒன்று. அந்தக் கோப்பில் ஓர் இணைப்பு விட்டுப்போனால் ஒரு பகுதியோ முழுவதுமோ இல்லாமல் போகும். ரத்தம் முதுகெலும்பை ஒட்டிய சிறு சிரைகளிலும், நெஞ்சின் பின்புறம் ஏறும் அசைகஸ் சிரையிலும் வழி தேடிக்கொள்ளும். இருபது வயதுவரை ஓடி விளையாடியவருக்கு ஒருநாள் கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு திடீரென்று இரண்டு கால்களும் வீங்கும்.

இந்தக் குறை மக்களிடையே மிக அரிது. ஆனால் 30 வயதுக்குள் டி.வி.டி. வந்தவர்களில் சுமார் 5 சதவீதத்தினரிடம் இதைக் கண்டதாக ஆய்வுகள் சொல்கின்றன. கால் ஸ்கேன் உறைவைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. இளவயது, இரண்டு கால்களிலும் உறைவு, அதுவும் இடுப்புவரை, வேறு காரணம் எதுவும் தட்டுப்படவில்லை என்றால் வயிற்றுக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். மருந்தை எத்தனை காலம் சாப்பிடுவது என்ற முடிவே அதனால் மாறிவிடும்.

★

பெருஞ்சிரை இரட்டையாக இருப்பவர்களும் உண்டு. மருந்து கொடுக்க முடியாத சில நோயாளிகளுக்கு, கட்டி நுரையீரலுக்கு ஏறாமல் தடுக்க அந்தச் சிரைக்குள் கம்பி வடிகட்டி வைப்பார்கள். இரண்டு சிரை இருப்பது தெரியாமல் ஒன்றில் மட்டும் வைத்தால், மற்றதன் வழியே கட்டி தாராளமாகப் போகும். வடிகட்டி வைக்குமுன் சாயமேற்றிப் படம் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

★

1900-இல் பாரிஸ் மருத்துவர்கள் க்ளிப்பெல், ட்ரெனோனே இருவரும் விவரித்த பிறவிக் குறை ஒன்று: ஒரு காலில் திராட்சைரச நிறத்தில் மச்சம், புடைத்த சிரைகள், மற்றக் காலைவிட அந்தக் கால் பருமனாகவோ நீளமாகவோ வளர்வது. இவர்களில் சிலருக்கு ஆழ்சிரை மெலிந்தோ, விட்டுவிட்டோ இருக்கும். கருப்பருவத்தில் மறைந்திருக்க வேண்டிய சிரை ஒன்று தொடையின் பின்பக்கமாக இடுப்பு நரம்போடு சேர்ந்து ஓடும். வழக்கமான இடத்தில் மட்டும் ப்ரோபை வைத்தால் அந்தக் காலின் பிரதான ரத்தப் பாதையையே பார்க்காமல் விட நேரும். இவர்களுக்கு டாப்ளரோடு எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும்.

★

முழங்காலுக்குக் கீழே இரட்டைதான் இயல்பு. கெண்டைக்காலில் ஒவ்வொரு தமனியின் இரு பக்கமும் ஒவ்வொரு சிரை ஜோடியாக ஓடும். போதாததற்குத் தசைக்குள் தனிச் சிரைகள். எல்லாம் மெல்லியவை, வீங்கிய காலில் தேடுவது சிரமம். 2005-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடை, முழங்கால் பகுதி உறைவில் நூற்றுக்குச் சுமார் 94-ஐ அல்ட்ராசவுண்ட் பிடித்தது. கெண்டைக்கால் உறைவில் சுமார் 63-ஐத்தான். வலிக்கிற இடம் எது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அங்கே கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்பது ஸ்கேன் நெறிமுறையிலேயே உள்ளது.

★

கையிலும் டி.வி.டி. வரும். பாரம் தூக்குகிறவர்களுக்கும், பந்து வீசுகிறவர்களுக்கும், மருந்தேற்றக் கழுத்துச் சிரையில் குழாய் போட்டவர்களுக்கும். மேற்கைச் சிரையும் பலருக்கு இரட்டைதான். காறை எலும்புக்கு அடியில் போகும் பகுதியை எலும்பு மறைப்பதால் அழுத்தவே முடியாது. அங்கே டாப்ளர் அலைதான் வழிகாட்டி.

★

கெண்டைக்கால் வீக்கத்தை டேப் வைத்து அளப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் தட்டுப்படும் மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே, இரண்டு கால்களிலும் சுற்றளவு எடுக்க வேண்டும். வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் ஒரு மதிப்பெண். கனடாவின் ஃபிலிப் வெல்ஸ் 1997-இல் வெளியிட்ட மதிப்பெண் முறையில் இது ஒரு வரி. சமீபத்திய அறுவை, புற்றுநோய், படுத்த படுக்கை, கால் கட்டு என்று மற்ற வரிகள். மதிப்பெண் குறைவாக இருந்து, டி-டைமர் ரத்தப் பரிசோதனையும் இயல்பாக இருந்தால் ஸ்கேனே தேவைப்படாமல் போகலாம். மதிப்பெண் அதிகமாக இருந்து ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்றால், அந்த ஸ்கேனைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் கெண்டைக்காலில் வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்பி முடிவெடுக்காதீர்கள். தசைப்பிடிப்புக்கும் அப்படி வலிக்கும். உண்மையான உறைவிலும் வலிக்காமல் இருக்கும். அந்தச் சோதனைக்குப் பெயர் தந்த ஜான் ஹோமன்ஸ்தான், நீண்ட விமானப் பயணத்தில் உட்கார்ந்தே இருப்பதால் கால் சிரைகளில் ரத்தம் உறையும் என்று 1954-இல் எழுதியவர்.

★

டி.வி.டி. போலவே நடிப்பவை சில: முழங்காலின் பின்னால் நீர்கோத்து உடையும் பேக்கர் கட்டி, தோலுக்கடியில் கிருமித்தொற்று, தசைக் கிழிசல், யானைக்கால் வீக்கம். தொடை இடுக்கில் வீங்கிய நெறிக்கட்டிகூட ஸ்கேனில், அழுத்தினால் மூடாத சிரைபோலத் தெரியும். ப்ரோபை மேலும் கீழும் நகர்த்தினால் நெறிக்கட்டி முடிந்துவிடும், சிரை தொடரும்.

★

சிகிச்சை உயிரைக் காக்கும் என்பதற்குப் பெரிய ஆதாரம் 1960-இல் 'லான்செட்' இதழில் வந்த பிரிஸ்டல் ஆய்வு. நுரையீரல் அடைப்பு வந்தவர்களில் உறைதடுப்பு மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூட அந்த அடைப்பால் சாகவில்லை. மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் இறந்தார்கள். அதற்குமேல் மருந்தை மறுப்பது தகாது என்று ஒப்பீட்டையே நிறுத்திவிட்டார்கள். அதேசமயம் இந்த மருந்துகளால் ரத்தக்கசிவு வரும் அபாயமும் உண்டு. இல்லாத உறைவுக்குக் கொடுக்கவும் கூடாது, இருக்கிற உறைவுக்குக் கொடுக்காமல் விடவும் கூடாது. மொத்தப் பாரமும் கடைசியில் அந்த ஸ்கேன் அறையின் தலையில்தான் இறங்குகிறது.

★

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் என்ன பார்க்கலாம்?

எந்தெந்தச் சிரைகளைப் பார்த்தார்கள் என்று பெயர் பெயராக இருக்கிறதா? முழுக் காலா, இரண்டு இடம் மட்டுமா? கட்டு, வீக்கம், உடல் பருமன் காரணமாகப் பார்க்க முடியாமல்போன பகுதி ஏதாவது குறிப்பிட்டிருக்கிறதா? கெண்டைக்காலைப் பார்க்கவில்லை என்றால் அதைச் சொல்லியிருக்கிறார்களா? இவற்றைக் கேட்பது டாக்டர்மேல் சந்தேகம் ஆகாது. நல்ல ஸ்கேன் டாக்டர் இந்தக் கேள்விகளை வரவேற்பார்.

'உறைவு இல்லை' என்று வந்த பிறகும் வீக்கமோ வலியோ கூடினால், ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். கெண்டைக்காலில் தொடங்கிய சிறு உறைவு மேலே ஏறினால் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் ஏறும். முதல் தடவை கண்ணில் படாத இரண்டாவது சிரைக்கும் அது இன்னொரு வாய்ப்பு. இடையில் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

★

உங்கள் ரிப்போர்ட்டில் 'தொடைச்சிரை இரட்டை' என்று எழுதியிருந்தால் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய உறைவு ஆறிய பிறகும் சிரையின் சுவர் தடித்து, சுருங்கி, சரியாக மூடாமல் நிற்கும். சில வருடம் கழித்து அதே கால் வீங்கினால், இது பழைய தழும்பா புதிய உறைவா என்று பிரிப்பதே பெரும்பாடு. முந்தைய படம் பக்கத்தில் இருந்தால் அந்தக் குழப்பம் பெருமளவு குறையும். சிகிச்சை முடியும்போது ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான். சர்க்கரை, ரத்த அழுத்த ஃபைலோடு அதையும் சேர்த்து வையுங்கள். அடுத்த முறை ஸ்கேன் அறைக்குள் நுழைந்ததும், ஜெல் தடவும் முன்பே, 'எனக்கு இந்தத் தொடையில் சிரை ரெண்டு இருக்கு டாக்டர்' என்று சொல்லிவிடுங்கள்.